முன்னேற்றம் இல்லை

“கற்றலில் தடுமாறும் மாணவர்களுக்கான ஆதரவுக் குழுவின் ஒருங்கிணைப்பாளர், கனிவும் பொறுமையும் உளவியல் பயிற்சியும் வாய்ந்தவர்” என்று பள்ளிக் கையேடு இவரை அறிமுகம் செய்கிறது. கையேட்டை எழுதியவர் இவரைப் பார்த்ததில்லை போலும். தினமும் கடைசிப் பாடவேளையில், ஆய்வக மேசையைத் துடைத்தபடியே, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணை இவர் அதட்டிக்கொண்டிருப்பார்: “ஏய் மண்டு, எழுத்து என்ன எழுந்து ஓடியா போயிடும்? நிதானமா பாத்துப் படி!”

வேதியியல் ஆசிரியர். பிள்ளைகள் வைத்த பெயர் ‘அமிலம்’. சட்டைக் கைகளில் நிஜ அமிலம் தின்ற ஓட்டைகள் இருப்பதால் பெயருக்கு ஆதாரமும் உண்டு. உளவியல் பயிற்சி ஒரே ஒரு நாள் நடந்தது. சாப்பாட்டுக்குப் பிந்தைய பாதியைத் தூங்கிக் கழித்ததாக அவரே ஒப்புக்கொள்கிறார். பதவி வந்த கதை இன்னும் சுருக்கம். இதை யார் தலையில் கட்டலாம் என்று கூட்டம் போட்ட அன்று விடுப்பில் இருந்தவர் இவர் ஒருவர்தான்.

அந்தப் பெண் வந்தபோது எழுத்துகள் தனித்தனியே தெரியும். சேர்ந்து நின்றால் திணறுவாள். பாடப்புத்தகத்தைக் கண்டாலே உள்ளங்கை வியர்க்கும். இவர் புத்தகத்தை மூடிவிட்டு அலமாரியைத் திறந்தார். குப்பிகளில் ஒட்டிய சீட்டுகள்தான் அவளுக்குப் பாடநூல். முதல் வாரம் ‘நீர்’, ‘உப்பு’. அப்புறம் ‘சுண்ணாம்பு’. ஐந்தாம் வாரம், யாரும் கேட்காமலே மேல்தட்டை அண்ணாந்து பார்த்து, “திறந்து... வைக்காதே... சார், அது திறந்துதான் இருக்கு!” என்றாள்.

“தெரியும், பெருசா சொல்ல வந்துட்டா” என்றார். அன்று மாலை மனைவியிடம் அதையே மூன்று முறை சொன்னாராம்.

குழு ஆறு வாரத்துக்கு ஒருமுறை கூடும். படிவத்தில் ஒரே கேள்வி: முன்னேற்றம் உண்டா, இல்லையா? ‘உண்டு’ என்றால் பிள்ளை தேறிவிட்டதாகப் பொருள்; தனி வகுப்பு மறுநாளே நின்றுவிடும். ‘இல்லை’ என்றால் இன்னும் ஆறு வாரம். போன வருடம் ஒரு மாணவனுக்கு இவர் பெருமையோடு ‘உண்டு’ என்று எழுதினார். அரைகுறை வாசிப்போடு வகுப்புக்குத் திரும்பியவன் ஒரே மாதத்தில் படித்ததையெல்லாம் கோட்டை விட்டான். அரையாண்டுத் தேர்வன்று வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. அதிலிருந்து இவரிடம் வரும் யாரும் முன்னேறுவதில்லை.

“உங்ககிட்ட வந்தது ஒண்ணுகூடத் தேற மாட்டேங்குதே சார்?” என்பார் தலைமை ஆசிரியை.

“என் கைராசி அப்படி மேடம்.”

இந்த முறை கூட்டம் தொடங்கும்போதுதான் மேலிடத்து உத்தரவை வாசித்தார்கள்: படிவத்தில் இனி மாணவரும் கையெழுத்திட வேண்டும். அவளை அழைத்து வந்து பேனாவைக் கொடுத்தார்கள். அவளுக்கோ இப்போது கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிற வியாதி. அவர் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த வரியின் கீழே விரலை வைத்து, “முன்... னேற்றம்... இல்லை” என்று உரக்கப் படித்தாள். ஓர் எழுத்து தவறவில்லை. படித்துவிட்ட பூரிப்போடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். என்ன படித்தோம் என்பது அதற்குப் பிறகுதான் அவள் முகத்தில் வந்து சேர்ந்தது.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். “என்ன சார், நல்லாப் படிக்கிறாளே! ‘உண்டு’ன்னு மாத்திடலாமா?”

“படிச்சேன்ல சார்?” என்றாள் அவளும், மெதுவாக.

இன்னும் ஆறு வாரம் இருந்தால் பாடப்புத்தகத்தைத் திறந்துவிடலாம் என்று வைத்திருந்தார் அவர்.

“படிக்கல மேடம். இந்தப் படிவம் எப்பவும் என் மேசை மேலதான் கெடக்கும். பாத்துப் பாத்து மனப்பாடம் ஆயிடுச்சு. இவளுக்கு ஒண்ணும் வரல.”

“அதானே பாத்தேன்” என்று தலைமை ஆசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஆறு வாரம் கிடைத்தது. அவள் குனிந்தபடியே தன் பெயரை எழுத்தெழுத்தாக எழுதினாள். அவர் முத்திரையை மையில் ஒற்றி, அந்தப் பெயருக்குப் பக்கத்தில் குத்தினார்.