மேல்வீட்டுக்கு விட்ட கம்பிகள்

போன ஐப்பசி மாதம், உடுப்பிட்டியில், எங்கள் வீட்டுக் கூரையில் நடந்த கதை இது. கூரை என்றால் ஓடு இல்லை, கொங்கிறீற் பிளேட் போட்ட தட்டைக் கூரை. கீழ்வீடு எனக்குச் சீதனம், பிறகு கட்டப்போகிற மேல்வீடு அண்ணனுக்கு என்று கட்டும்போதே அப்பா சொல்லியிருந்தார். அதனால், எங்கள் ஊரில் பல வீடுகளில் இருப்பதுபோல, தூண்களின் கம்பிகளை வெட்டாமல் பிளேட்டுக்கு மேலே நீட்டி விட்டிருந்தார். இப்போது அப்பா இல்லை. என்னைவிட நன்றாக மூத்தவரான அண்ணன் கனடாவில் இருக்கிறார். அவருடைய கடைசிப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் அங்கே போய்விட்டார். இவ்வளவு பெரிய வீட்டில் நான் மட்டும்.

முதல் மழைக்கே என் கட்டிலுக்கு மேலே ஒழுகியது. கட்டிலை நகர்த்தினேன். அங்கேயும் ஒழுகியது. அடுத்த அறைக்குப் போனேன், அங்கும் அதே கதை. மாரி முழுக்க இப்படிக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு திரிய முடியாது, பெரிய மழைக்கு முன் கூரைக்கு ஏதாவது போட்டே ஆகவேண்டும் என்று இறங்கினேன்.

எனக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் நிறுத்தத் தெரியாது. கண்ட கண்ட வீடியோ எல்லாம் பார்த்தேன். நெல்லியடிக் கடைகளில் ஒழுக்கை மறிக்கிற பூச்சு, சீற் எல்லாவற்றிலும் மாதிரித் துண்டுகள் வாங்கிவந்து வெயிலில் காயவைத்தேன், வாளியில் ஊறவைத்தேன், மடக்கி இழுத்துப் பார்த்தேன். தூரிகையால் அடிக்கிற ரப்பர் பூச்சு இலகுவானது, ஆனால் எங்கள் வெயிலுக்குத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டிவரும். நெருப்பால் சூடாக்கி ஒட்டுகிற தார் சீற் கனகாலம் நிற்கும். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க, ஒரு பின்னேரம் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் வடிகிற குழாய்களைத் துணியால் அடைத்து, மேலே தண்ணீர் நிரப்பிவிட்டு நின்றேன். பக்கத்து வீட்டு மாமி அண்ணாந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை, மேலை கேணி கட்டுறியோ? இனி நாங்கள் கேணியிலை குளிக்கக் கீரிமலைக்குப் போகத் தேவையில்லைப் போலை!"

"வாங்கோ மாமி, நீந்தலாம்."

அவர் சிரித்தபடி உள்ளே போய்விட்டார். அன்று முழுக்க நான் நேரே கண்டு கதைத்த ஆள் அவர் ஒருவர்தான்.

தண்ணீர் இறங்கிய இடம் தெரிந்தது. கம்பிகளின் அடி! கம்பிகளை வெட்டினால்தான் தார் சீற்றை ஒழுங்காக ஒட்டலாம். குடும்ப வட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னதுதான் தாமதம், அண்ணன் அழைத்துவிட்டார்.

"எடியே, கம்பியிலை கை வைச்சியெண்டால் தெரியும்! நான் வந்து எங்கை கட்டுறது? உன்ரை தலையிலையோ?"

"நீங்கள் வாறதுக்குள்ளை நான் தோணி வாங்கவேணும், அண்ணை."

"ரப்பரை அடி. இங்கை எல்லாரும் அதுதான் போடுவினம்."

"அங்கை ஸ்நோ. இங்கை வந்து மத்தியானத்திலை வெறுங்காலோடை பிளேட்டிலை ஒருக்கா நிண்டு பாருங்கோ."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "ரெண்டு பேரும் கூரையிலை ஏறி நிண்டு அடிபடுங்கோ!"

அதன்பிறகு ஒவ்வொரு நாள் காலையும் இதே வழக்குத்தான். அவர் வேலை முடிந்து வருகிற நேரம், எனக்கு விடிகிற நேரம். முகம் கழுவும்போதே அன்றைக்கு என்ன சொல்லி அவரை மடக்கலாம் என்று யோசித்துவிடுவேன்.

அப்படி யோசித்த ஒரு காலையில் வழி பிடிபட்டது. கம்பிகளை வெட்டவே வேண்டாம். ஒவ்வொன்றின் அடியையும் சுற்றி ஒரு சின்னக் கொங்கிறீற் கட்டை எழுப்பி, சீற்றை அதன்மேல் மடித்து ஒட்டி, விளிம்பை அடைத்துவிட்டால் போதும். மேசனிடம் கேட்டேன், செய்யலாம் என்றார். அண்ணன் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்து, அவர் அழைக்கும்வரை பொறுக்காமல் நானே அழைத்தேன்.

"அண்ணை, பிரச்சினை முடிஞ்சுது! உங்கடை மேல்வீடு தப்பிட்டுது!" மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் துள்ளிக் குதிக்கவில்லை.

மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, வெட்டச் சொல்லு."

"ஏன்? அதுதான் தேவையில்லையெண்டு சொல்லுறனே."

"இவன்ரை பள்ளிக்கூடம், மற்றவளின்ரை படிப்பு... பிள்ளையள் அங்கை வந்து இருக்காதுகள். நானும் இனி வரமாட்டன். கட்டை கட்டி என்ன செய்யிறது?"

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் என்னோடை சண்டை பிடிச்சனீங்கள்?"

"உதெண்டாலும் இருந்துதே, சண்டை பிடிக்க," என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேசன் வந்து, "வெட்டட்டோ பிள்ளை?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். கம்பிகள் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் கீழே குசினி அடுப்படிவரை கேட்டது. அடுத்த நாள் தார் சீற் ஒட்டி முடித்தார்கள்.

கார்த்திகையில் மழை கொட்டித் தள்ளியது. ஒரு சொட்டு இறங்கவில்லை. பிளேட்டின் காய்ந்த அடிப்பக்கத்தை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டேன். அம்மா ஒரு கைகூப்பு அனுப்பினார். அண்ணன் "நல்லம்" என்று எழுதினார். அத்தோடு காலை அழைப்புகள் நின்றுபோயின. முகம் கழுவிவிட்டுப் பழக்கத்தில் தொலைபேசியை எடுத்துப் பார்ப்பேன், ஒன்றும் இருக்காது.

போன கிழமை நானே அழைத்து, முன் மதிலுக்கு என்ன நிறம் அடிக்கிறது என்று கேட்டேன். "வெள்ளையை அடியடி, அதுதான் வடிவு," என்றார். எனக்கும் வெள்ளைதான் விருப்பம். ஆனால் மஞ்சள்தான் என்று இன்றுவரை ஒற்றைக்காலில் நிற்கிறேன். தூரத்தில் இருக்கிறவர் இந்த வீட்டில் தன் பேச்சுக்கும் இடமிருக்கிறது என்று நினைப்பதற்கு, சில விஷயங்களை அவசரப்பட்டு முடித்துவிடக் கூடாது என்பதை ஒழுகாத அந்தக் கூரைக்குக் கீழே இருந்துதான் நான் விளங்கிக்கொண்டேன்.