உபயம்: கமாண்டோ உபைதுல்லா, சிம்மக்கல்

வில்லாபுரத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாண்டிச்செல்விக்கு நான் தொள்ளாயிரம் ரூபாய் தரவேண்டியிருந்தது. பக்கத்துக்கு முப்பது ரூபாய், முப்பது பக்கம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் அவள் சொல்லிவிடுவாள்.

என் பெயர் உபைதுல்லா. படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. சிம்மக்கல்லுக்கு மூட்டை தூக்க வந்தவன், இன்று அதே தெருவில் மூன்று ஷட்டர் போட்ட தார்ப்பாய் கடைக்கு முதலாளி. என்னைத் தெரியாதவர்கள் அங்கே இருக்கலாம். தெரியவைக்காமல் நான் யாரையும் விட்டதில்லை.

போன பெருநாளன்று மருமகன் முகமது யாசீன் போனில் விக்கிப்பீடியாவை வாசித்துக்கொண்டிருந்தார். கமாண்டோ என்கிற சிறப்புப் படை வீரர்களுக்குக் கொடுக்கும் பயிற்சி பற்றிய பக்கம். முதுகில் பாரம் சுமந்து நெடுந்தூரம் நடக்க வேண்டும், ஆற்றைக் கடக்க வேண்டும், அரை வயிறு சாப்பிட்டு அரைத் தூக்கம் தூங்க வேண்டும் என்று போட்டிருந்தது.

“இதெல்லாம் நான் பண்ணுனதுதானப்பா” என்றேன்.

“அப்ப எழுதுங்க மாமா. இதுல யார் வேணும்னாலும் எழுதலாம்.”

“யார் வேணும்னாலுமா? பூட்டு கிடையாதா?”

பூட்டில்லாத கடையைப் பார்த்தால் சிம்மக்கல்காரனுக்குக் கை சும்மா இருக்காது. மறுநாளே பாண்டிச்செல்வியின் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். பாரம் சுமப்பது என்று வந்த இடத்தில் நான் சுமந்த மூட்டைகளைச் சேர்த்தேன். பசி என்று வந்த இடத்தில் ஒரு பன்னை மூன்று வேளைக்குப் பிரித்துத் தின்றதைச் சேர்த்தேன். ஆறு என்று வந்த இடத்தில்தான் என் முழுத் திறமையும் இறங்கியது: ‘வைகையில் இருகரையும் தொட்டு வெள்ளம் போன நாளில், மாவீரர் உபைதுல்லா நூறு கிலோ தார்ப்பாயைத் தலையில் சுமந்து தன்னந்தனியாக நீந்திக் கரை சேர்ந்தார்.’ கடைசியில் ‘உபயம்: உபைதுல்லா தார்ப்பாய் கடை, சிம்மக்கல்’ என்று போன் நம்பரோடு போடச் சொன்னேன். பள்ளிவாசலுக்கு நான் வாங்கிக் கொடுத்த டியூப்லைட்டில் என் பெயர் பெரிதாக இருந்து பாதி வெளிச்சத்தை மறைத்தது. பெயர் தெரிகிறதே, போதாதா?

காலையில் பார்த்தால் பக்கம் பழையபடி இருந்தது. யாரோ எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, ‘சான்று இல்லை, விளம்பரம்’ என்று காரணம் எழுதியிருந்தார்கள். மறுபடி போட்டோம், மறுபடி போனது. மூன்றாம் முறை போட்டதற்கு, இனிமேல் செய்தால் தடை என்று எச்சரிக்கையே வந்தது. வீட்டில் என் மனைவி சபுரா, “கமாண்டோவை வெளியே தள்ளிட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டே தட்டு வைத்தாள்.

பாண்டிச்செல்வி கூலி கேட்டாள். “பாய், அஞ்சாம் தேதி கடை வாடகை. ஒங்க காசை நம்பித்தான் இருக்கேன்.”

“நீ அடிச்சது அங்க நிக்கலையேம்மா. கட்டுன தார்ப்பாய் காத்துல பறந்தா கட்டுனவன்தான பொறுப்பு?”

“நீங்க வித்த தார்ப்பாய் பறந்தா காசைத் திருப்பித் தருவீங்களா?”

என் கல்லாவுக்கு மேலே ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற போர்டு தொங்குகிறது. அவள் அதைப் பார்த்திருக்கிறாள். நான் பேச்சை மாற்றினேன்.

“சான்றுதான கேக்குறான்? உசிலம்பட்டியில சோணை உசுரோட இருக்கான். ஆத்தைக் கடந்தப்ப கூட இருந்த ஆளு. கூட்டிட்டு வாரேன்.”

“அவங்க கேக்குறது புத்தகம், பேப்பர்ல வந்தது பாய். ஆள் இல்ல.”

“புத்தகத்தை விட மனுசன் கொறஞ்சு போயிட்டானா? அவன் சொல்றதை அப்படியே அடி. நான் சொன்னதைப் பொய்யின்னு சோணை சொன்னா ஒனக்கு ரெட்டிப்புக் கூலி.”

“ஒத்தைக் கூலியே வரலை. சரி, கூட்டிட்டு வாங்க.”

சோணையும் நானும் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள். இப்போது அவன் ஊரில் மாடு வளர்க்கிறான். நானே நேரில் போய் அழைத்து வந்தேன். வழியில் இறங்கிப் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் வில்லாபுரம் வரைக்கும் பாடம் சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் வளர்க்கும் மாடு கூட அவ்வளவு ஆட்டாது.

கடைக்குள் நுழைந்து கம்ப்யூட்டரைப் பார்த்ததும் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“இது சர்க்காருக்குப் போகுதா தாயி?”

“ஒலகத்துக்கே போகும்ணே. ஆத்துல என்ன நடந்துச்சு, சொல்லுங்க.”

சோணை தொண்டையைச் செருமிக்கொண்டான். “வெள்ளமெல்லாம் இல்ல. வைகையில என்னைக்கு அம்புட்டுத் தண்ணி வந்துச்சு? முழங்கால் அளவு. மூட்டை என் தலையில இருந்துச்சு.”

“அப்ப பாய்?”

“மாப்ள என் முதுகுல. அதுக்குத் தண்ணியக் கண்டா ஆகாது. கண்ணை மூடிக்கிட்டு என் கழுத்தை இறுக்குன இறுக்குல எனக்கு மூச்சே நின்னுருச்சு.”

“ஏண்டா, பஸ்ல அம்புட்டு நேரம் தலையாட்டுனியே” என்றேன்.

“அது புரோட்டாவுக்கு மாப்ள. சர்க்காருக்குப் பொய் சொல்ல முடியுமா?”

பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. விரல்களைக் கீபோர்டில் வைத்தபடி, “அடிக்கவா பாய்?” என்று மட்டும் கேட்டாள்.

“வேணாம்மா.”

ஒன்று மட்டும் பெருமையாகச் சொல்வேன். உபைதுல்லா சொன்ன சொல் தவற மாட்டான், சாட்சி எதிரில் நிற்கும்போது. அவள் கையை நீட்டினாள். நான் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு ஐநூறில் மூன்றை அவள் உள்ளங்கையில் வைத்தேன். பிறகு நூறு. இன்னொரு நூறு. அங்கே கொஞ்சம் நின்றேன்.

“ஆயிரத்தி எழுநூறு” என்றான் சோணை, கேட்காமலே.

கடைசி நூறையும் வைத்தேன்.