தோத்தவனும் வீடும்

டென்மார்க்கில், இக்காஸ்ட் எண்ட ஊரில் நான் துப்புரவு வேலை செய்த முதியோர் இல்லத்தில் ஒரு டெனிஷ்காரக் கிழவர் இருந்தார். சிவந்த கன்னம், பெரிய குரல். ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டே அதை ஏசுவார்.

"முந்தி அந்தந்த நாட்டில வெண்ட அணி மட்டும்தான் வரும். அவன்ர ஊரில ஒரு ஆட்டம், இவன்ர ஊரில ஒரு ஆட்டம். தோத்தால் வீடு! இப்ப நாலாவதாய் வந்த பணக்காரனும் வாறான். குழுவாய்ப் பிரிச்சு, தோத்தவனுக்கும் இன்னொரு ஆட்டம் குடுக்கிறாங்கள், கள்ளர்!"

இலங்கையில, வன்னியில் சண்டை முடிஞ்ச கிழமை அது. அங்க இருந்த என்ர தம்பி குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் காலமை கிழவர் முதல்நாள் ஆட்டத்தைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்தியைப் போடச்சொல்லிக் கேட்டன்.

"பொறு. தோத்தவன் வீட்டுக்குப் போறதைப் பார்க்கவேணும்."

எனக்கு விசர் வந்திட்டுது. நிலம் துடைக்கிற தடியை எறிஞ்சன்.

"உங்கட ஆக்கள் தோத்தால் போக வீடு இருக்கு. எங்கட ஆக்களுக்கு எங்க இருக்கு?" எண்டு தெரிஞ்ச டெனிஷில் கத்தினன்.

கிழவர் செய்திக்கு மாத்திவிட்டார். "உன்ர ஆக்கள் எந்த ஊர்?" எண்டு மெல்லமாய்க் கேட்டார்.

அந்த இல்லத்தில் வேற ஒருத்தரும் என்னை அப்பிடிக் கேக்கேல்லை. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போயிட்டன். ஏன் சொல்லாமல் போனன் எண்டு இண்டைக்கும் எனக்கு விளங்கேல்லை.