நீக்கிலாஸ் தேடிய கார்

பேசாலையிலிருந்து கொழும்புக்கு மீன் லொறி ஓட்டியவர் நீக்கிலாஸ். பாரம் ஏறிய லொறி எந்த வளைவில் என்ன செய்யும் என்பது இருக்கையின் அதிர்விலேயே அவருக்குத் தெரிந்துவிடும். 1984இன் கடைசியில் மனைவி மேரிசெலினோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் டென்மார்க் வந்து சேர்ந்தார். அகதி முகாமில் கொஞ்சக் காலம் வைத்திருந்து ஸ்கீவ நகரத்தில் குடியமர்த்தினார்கள். அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் பன்றித் தொடைகளைக் கொக்கியில் மாட்டும் வேலை கிடைத்தது. டேனிஷ் லைசன்ஸ் எடுத்து ஒரு குட்டிக் காரும் வாங்கினார். இனி ஒரு குறையுமில்லை என்று நினைத்திருந்தபோதுதான், எண்பத்தாறாம் ஆண்டு மே மாதம், மேரிசெலினுக்குக் கருப்பையில் புற்றுநோய் என்று சொன்னார்கள்.

கதிர்ச் சிகிச்சை ஓகூஸ் நகரத்துப் பெரியாஸ்பத்திரியில். ஜூன் இரண்டாம் கிழமையிலிருந்து கிழமைக்கு ஐந்து நாள், ஆறு கிழமை. விடிய டாக்சி வந்து அவளை ஏற்றிப்போகும். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை மணித்தியாலம். வரும் வழி முழுக்க மடியில் பிளாஸ்டிக் பையோடு வாந்தி எடுத்தபடி வருவாள். ஆஸ்பத்திரியிலேயே கட்டில் தருகிறோம் என்றார்கள்.

"பிள்ளையளை விட்டிட்டு அங்கை கிடக்க மாட்டன்" என்றாள். அதற்கு மேல் அவளோடு கதைக்க முடியவில்லை.

தொழிற்சாலையில் நீக்கிலாசுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் ஸ்வென். அறுபது வயது, மனைவியை இழந்தவர். கண் பார்வை மங்கிக் கார் ஓட்டுவதை விட்டிருந்தார். அவர் வீட்டு முற்றத்தில் ஒரு சின்னக் காரவன் தார்ப்பாய்ப் படங்கு மூடி நின்றது. காரின் பின்னால் கொளுவி இழுத்துப்போகிற வண்டி வீடு. நாலு பேர் படுக்கலாம், சமைக்கலாம்.

சிகிச்சையின் முதல் கிழமையிலேயே, "கொண்டுபோ" என்றார் ஸ்வென். "ஓகூஸில் கடற்கரையோரம் காரவன் நிறுத்துகிற இடம் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கால்மணி நேரம். லீவு எடுத்துக் குடும்பத்தோடு போய் இரு. உன்னுடைய கார் இதை இழுக்காது. என் பக்கத்து வீட்டு விவசாயியிடம் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமையே கொண்டுபோய் விட்டுவிடுவான்."

நீக்கிலாஸ் நன்றி சொன்னார். விவசாயி வேண்டாம் என்றார்.

வீட்டில் மேரிசெலின் கேட்டாள். "ஏன் வேண்டாமெண்டனீங்கள்? சும்மா கொண்டுபோய் விடுறன் எண்டுதானே சொல்லுறாங்கள்?"

"ரெண்டு வருசமா எங்களை ஆரோதான் ஏத்தி இறக்கினவங்கள், செலின். ஏஜென்சிக்காரன், பொலிஸ், காம்ப் பஸ், இப்ப டாக்சி. இந்த ஒருக்காவாவது என்ரை குடும்பத்தை நான் ஓட்டிக்கொண்டு போறன். பாதியிலை உனக்கு ஏலாமல் வந்தாலும் கொளுவிக்கொண்டு திரும்பி வர என்னட்டைக் கார் இருக்கோணும்."

அவள் நாளைக்கான பிளாஸ்டிக் பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அன்றிலிருந்து கார் தேடினார். கடலுக்கு அந்தப் பக்கத் தீவில், டோஸ்ட்ருப்பிலிருந்து பாலேந்திரா தொலைபேசியில் வந்தான். முகாமில் ஒன்றாக இருந்தவன்.

"அண்ணை, என்ரை வான் நிக்குது. கப்பலிலை ஏத்திக் கொண்டு வாறன்."

"வெறும் வான் என்ன பாரம்?"

அவன் பத்திரத்தைப் பார்த்துச் சொன்னான்.

"காணாது தம்பி. பின்னாலை வாறது கனமெண்டால் இறக்கத்திலை அதுதான் எங்களை ஓட்டும்."

அடுத்தது ஊருக்கு வெளியே ஒரு பழைய கார் வியாபாரியிடம் நின்ற நீண்ட ஸ்டேஷன் வாகன். இழுவைக் கொக்கியும் பூட்டியிருந்தது. சனிக்கிழமை மேரிசெலினையும் கூட்டிக்கொண்டு போனார். கீழே படுத்துப் பார்த்தபோது அடிப்பாகம் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு. கொக்கி பூட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் மெல்லக் குத்தினார். உளுத்த பலகையில் இறங்குவதுபோல் இறங்கியது. உள்ளே இரும்பு இல்லை, துரு மட்டும்தான்.

"மூண்டு கிழமைக்குத்தானே, எடுங்கோவன்" என்றாள் அவள், குட்டிக் காரின் சீற்றில் சாய்ந்தபடி. முகம் மெழுகுபோல் இருந்தது.

"றோட்டிலை கழண்டால் பின்னாலை வாறவன்ரை குடும்பம் போயிடும்."

மூன்றாவது கார் வீபோ என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் கிடைத்தது. பாரமான, பச்சை நிறக் கார். இஞ்சின் சத்தம் சீராக இருந்தது. கொக்கியைத் தாங்கும் இரும்பில் ஒரு சொட்டுத் துரு இல்லை. ஆனால் கொக்கியை வாத்தியார் தானே பூட்டியிருந்தார், பத்திரத்தில் பதியவில்லை. பரிசோதனைக்குக் காட்டிப் பதிந்தால்தான் காரவன் இழுக்கலாம். பரிசோதனைக்கு நாள் கேட்டபோது பன்னிரண்டு நாள் கழித்துக் கொடுத்தார்கள். நீக்கிலாஸ் காத்திருந்தார். அவளுக்கோ டாக்சியும் வாந்தியுமாக அந்த நாட்களும் போயின.

ஜூலை நடுப்பகுதியில் எல்லாம் சரிவந்தது. திங்கட்கிழமை ஸ்வென் வீட்டு முற்றத்தில் காரவனைக் கொளுவி, பிரேக், லைட் எல்லாம் பார்த்து, அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் ஏற்றினார். சிகிச்சையில் அந்தக் கிழமை மட்டும்தான் மிஞ்சியிருந்தது, என்றாலும் புதன்கிழமை பயணம். செவ்வாய்க்கிழமை டாக்டர் இருவரையும் கூப்பிட்டிருந்தார்.

டாக்டர் மெதுவாகத்தான் கதைத்தார். நீக்கிலாசுக்குப் பிடிபட்டது 'யெம்' என்ற ஒரு சொல். வீடு. இனி ஓகூசுக்கு வரத் தேவையில்லை, வீட்டில் இருக்கலாம். நீக்கிலாஸ் சிரித்தார்.

"கேட்டனியே செலின், வீட்டை போகலாமாம்."

மேரிசெலின் டாக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "சுகம் வந்து விடேல்லையப்பா" என்றாள். "ஏலாதெண்டு விடுறாங்கள்."

நேர்ஸ் அவர் தோளில் கை வைத்தபோதுதான் அவருடைய சிரிப்பு நின்றது.

ஸ்கீவவுக்குத் திரும்பியதும் அவள் காரவனைப் பார்க்கவேண்டும் என்றாள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஸ்வென் வீட்டுக்குப் போய், அவளைப் படியில் தூக்கி ஏற்றினார். உள்ளே பூப்போட்ட மெத்தையில் படுத்தாள். மேல்தட்டில் பிள்ளைகள் குதிக்க, வண்டி ஆடியது. எப்போது புறப்படுவோம் என்று மூத்தவள் டேனிஷில் கேட்டாள்.

"கிட்ட எங்கையாவது கடற்கரைக்குப் போவம், செலின். ரெண்டு நாளைக்கு."

"குலுக்கம் தாங்க ஏலாதப்பா. கழட்டி விடுங்கோ."

அவர் இறங்கிப் போய்க் கழற்றினார். ஏற்றிய சாமான்களைப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குட்டிக் காருக்குக் காவினார்கள்.

மேரிசெலின் செப்டெம்பர் மாதம் வீட்டிலேயே இறந்தாள். கப்பலேறி வந்த பாலேந்திரா ஒரு கிழமை நின்று பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டான். பச்சைக் காரை நீக்கிலாஸ் வந்த விலைக்கு விற்றார்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், சாப்பாட்டு அறையில் ஸ்வென் எதிரே வந்து உட்கார்ந்தார். "நீ கவனமாகத் தேடினாய். அதில் பிழை ஒன்றுமில்லை" என்றார்.

அந்த விவசாயி அடுத்த ஞாயிறே கொண்டுபோய் விட்டிருப்பான். அவளுக்கு ஐந்து கிழமை கடற்கரையில் பிள்ளைகளோடு கிடைத்திருக்கும். இதைச் சொல்ல நீக்கிலாசிடம் டேனிஷ் இல்லை. தமிழிலும் அவர் அதை ஒருவருக்கும் சொன்னதில்லை.

"யா" என்றார்.

மணி அடித்தது. இருவரும் எழுந்து கையுறைகளை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.