செவலைக்கு அரைத்தது

பக்கத்து வீட்டு மிக்ஸியில் பூண்டும் மிளகும் மஞ்சளும் அரைபடும் வாசம் வந்தால், இன்றைக்கும் என் கால் வாசலிலேயே நின்றுவிடுகிறது.

அடி அண்ணாமலையில் இப்போது கிரிவலக்காரர்களின் கார்கள் நிற்கிற இடம் அன்று எங்கள் தோட்டம்; முருங்கை நிழலும் கோழி எச்ச வாடையுமாகக் கிடக்கும். கோழிக்குக் கழிச்சல் கண்டால் அம்மா அம்மியில் அரைக்கிற மருந்துக்கும், தேறாத கோழியைச் சாவதற்குள் அறுத்து வைக்கிற குழம்புக்கும் ஏறக்குறைய ஒரே சரக்குதான். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த வாசம் அடித்தால், எதற்கு அரைக்கிறாள் என்று தெரியாமல், பையைக்கூட இறக்காமல் வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"ஏய், வந்துட்டியா? கோழி வாயத் தொறந்து புடி வா, மருந்து ஊத்தணும்!" என்று அம்மா கத்தினால்தான் எனக்கு மூச்சு வரும்.

என் மடியிலேயே தூங்கும் செவலைக் கோழி ஒருநாள் காலையில் தலையைத் தொங்கப்போட்டு நின்றது.

"சாயங்காலத்துக்குள்ள இரை எடுக்குதான்னு பாக்கலாம், நீ கெளம்பு" என்றாள் அம்மா.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே வாசம். படலைப் பிடித்து நின்றேன். உள்ளே குழவி உருண்டுகொண்டே இருந்தது. பிறகு நின்றது.

அம்மா என்னைக் கூப்பிடவில்லை.