மஞ்சள் பெருக்கல் குறி

எங்கள் நகராட்சிப் பூங்காப் பிரிவின் பெயிண்டருக்குப் பச்சைக்கையார் என்று பெயர் வைத்தது நான்தான். இருபத்தாறு வருடமாக பெஞ்சு, கம்பிவேலி, சறுக்குமரம் என்று பச்சை அடித்து அடித்து அவருடைய நகக்கண்ணெல்லாம் பச்சை. "சாப்பிடும்போது கீரைன்னு நெனச்சு விரலைக் கடிச்சுடாதீங்க" என்பேன். சிரித்துக்கொள்வார். கோபப்படத் தெரியாத மனிதர், வாயைத் திறப்பதும் அபூர்வம். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

எனக்கு வேலை பெரிய பூங்காவுக்குள் இருக்கும் சமுதாயக் கூடத்தில், முன் கவுன்டரில். கோடைக்கால நீச்சல் வகுப்பு, செஸ், ஓவியம், முதியவர்களுக்கான நடைப்பயிற்சி எல்லாவற்றுக்கும் பெயர் பதிவது நான். என் வாய்க்குப் பயந்தே முக்கால்வாசிப் பேர் படிவத்தை ஒழுங்காக நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள். கவுன்டர் ஜன்னலில் இருந்து பார்த்தால் குழந்தைகள் விளையாடும் இடம் முழுக்கத் தெரியும். அதில் ஓர் ஓரத்தில் இரண்டு தூணும் குறுக்கே ஒரு கம்பியும் மட்டும் நிற்கும். பதினோரு வருடமாக அதில் ஊஞ்சல் இல்லை. கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது, மறுபடி மாட்டச் சொல்லி எந்த உத்தரவும் வரவில்லை.

அந்த ஊஞ்சலில் இருந்து விழுந்த பெண்ணுக்கு ஏழு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. நீச்சல் வகுப்புக்கு அவள் பெயரைப் பதிந்தவள் நான். விழுந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அடுத்த வாரம் வகுப்பு தொடங்கிய அன்று பயிற்சியாளர், விஷயம் தெரியாத வெளியூர்க்காரர், பட்டியலைப் பார்த்து அவள் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார். அடித்திருக்க வேண்டிய பெயரை அடிக்க எனக்குக் கை வரவில்லை. அந்தக் குரல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அப்போதெல்லாம் பூங்கா வேலை ஒரு முறைப்படி நடக்கும். திங்கட்கிழமை மேஸ்திரி ஒவ்வொரு பூங்காவாகப் போய் ஊஞ்சல், சீசா, சறுக்குமரம் எல்லாவற்றையும் ஆட்டி, இழுத்துப் பார்ப்பார். எங்கே பழுதோ அங்கே மஞ்சள் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. புதன்கிழமை வெல்டர் வந்து குறியைத் தேடி, பழுதைச் சரிசெய்துவிட்டுக் குறியை அழிப்பார். வியாழக்கிழமை பெயிண்டர். நோட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. குறி இருந்தால் வேலை இருக்கிறது, குறி இல்லையென்றால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு. அதற்கு முன் ஒரு தரம்கூட அதனால் விபத்து வந்ததில்லை என்பதால் யாருக்கும் அதில் குறை தெரியவில்லை.

மேஸ்திரி வேறு யாருமில்லை, பச்சைக்கையாரின் மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். இவரை வேலையில் சேர்த்துவிட்டதே அவர்தான். உரத்த குரல், எதையும் இரண்டு முறை சரிபார்க்கும் சுபாவம். வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவர் என்று பச்சைக்கையாரே சொல்லியிருக்கிறார்.

விபத்தை விசாரித்தபோது மேஸ்திரி சொன்னது ஒன்றுதான். ஊஞ்சல் கொக்கி தேய்ந்திருந்தது, கம்பியில் குறி போட்டேன். வெல்டர் சொன்னதும் ஒன்றுதான். நான் வந்தபோது அங்கே எந்தக் குறியும் இல்லை. அடுத்து பெயிண்டரைக் கூப்பிட்டார்கள்.

"நீ பாத்தியாப்பா?"

"கவனிக்கலைங்க."

விசாரணை அதோடு முடிந்தது. மேஸ்திரி பூங்காவுக்கே போகாமல் போனதாகச் சொல்லியிருக்கிறார் என்று எழுதி வேலையை விட்டு எடுத்தார்கள். ஊரும் அப்படித்தான் நம்பியது. ஒளிப்பானேன், நானும் நம்பினேன். அவர் தங்கை, அதாவது பச்சைக்கையாரின் மனைவி, "செஞ்ச தப்பை ஒத்துக்கோண்ணா, பாவமாவது குறையும்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தினார்.

மேஸ்திரி முதலில் பார்ப்பவர்களிடமெல்லாம் "போட்டேன்" என்று கத்தினார். இரண்டு மூன்று வருடம் போனதும் "போட்டதாத்தான் ஞாபகம்" என்றார். அப்புறம் கேட்க ஆளில்லை. மகள் வீட்டு மாடியறையில் அடங்கிப்போனார்.

போன கோடையில் மகள் அவரைக் கூட்டி வந்து முதியவர்கள் நடைப்பயிற்சியில் சேர்த்தாள். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழிலிருந்து ஏழே முக்கால் வரை. அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, முகவரி கேட்டால் மகளைப் பார்த்தார். இரண்டாவது வாரம் தனியாகக் கவுன்டருக்கு வந்து நின்றார்.

"அம்மா, ஒரு மஞ்சள் சாக்பீஸ் கெடைக்குமா?"

"எதுக்குங்க, படிக்கப் போறீங்களா?" என் வாய் சும்மா இருக்காதே.

"மறதி வருதான்னு பாத்துக்கணும்" என்றார்.

வயதானவர்களுக்கு டாக்டர் ஏதாவது பயிற்சி சொல்லியிருப்பார் என்று நினைத்து, செஸ் வகுப்புக் கரும்பலகையில் இருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

பச்சைக்கையாரின் போக்கு மாறியது அந்த நாட்களில்தான். வேலை எட்டரைக்கு. மனிதர் எட்டுக்கே வந்து விளையாட்டுச் சாமான்களைச் சுற்றிச் சுற்றி வருவார். கையில், பெயிண்ட் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்த துணி. ஏணிக்கு அடியில் குனிவார், சீசாவுக்குக் கீழே கையை விட்டுத் துழாவுவார், எதையோ தேய்ப்பார். பெயிண்ட் டப்பா திறக்காமலே கிடக்கும். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. நான் கிண்டல் செய்தால் சிரிப்பதும் நின்றுவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை ஏழரைக்கே வந்துவிட்டார். நடைப்பயிற்சிக்காரர்கள் தூரத்துச் சுற்றில் இருந்த நேரம், பொறுக்க முடியாமல் இறங்கிப் போனேன். சறுக்குமரத்தின் பின்பக்கம் மண்டியிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். இரும்பில் ஈரம் பளபளத்தது.

"என்னத்தைத் தேய்க்கிறீங்க? பெயிண்ட் அடிக்கத்தானே சம்பளம்?"

எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே சொன்னார்.

"குறி வருது மேடம்."

"என்ன குறி?"

"மஞ்சள் குறி. இப்பல்லாம் போன்ல போட்டோ எடுத்துதான் அனுப்பறாங்க. சாக்பீஸ் யாரும் தொடறதில்ல. ஆனா குறி வருது. அழிச்சா மறுபடி வேற எடத்துல வருது. அது இருக்கற எடத்துல தொட்டுப் பாத்தா நட்டு லூசா இருக்கு, ஒவ்வொரு தரமும். அந்தப் பொண்ணுதான் போடுதோன்னு..."

அவர் கை அப்போதும் தேய்த்துக்கொண்டே இருந்தது. பிறகு பதினோரு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். சனிக்கிழமை கோடைக்கால வகுப்புகளின் தொடக்க விழா என்பதால் அந்த வாரம் அவரை வியாழனுக்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமையே பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஊஞ்சல் கம்பியில் குறி இருந்தது. பார்த்தார். போன வாரத்துக் குறியாக இருக்கும், வெல்டர் வேலையை முடித்துவிட்டு அழிக்க மறந்திருப்பான், அவனுக்கு அது வழக்கம்தான் என்று நினைத்தார். மச்சானைக் கேட்டுவிட்டு வரலாம் என்றால் அவர் ஊரின் மறுகோடியில் இருந்தார், இங்கே டப்பாவைத் திறந்தாகிவிட்டது. துணியால் ஒரு தேய்ப்பு, மேலே பச்சை. மறுநாள் வெல்டர் வந்து, புதுப் பெயிண்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை கொக்கி அறுந்தது.

"விசாரணையில ஏன் சொல்லல?"

"பயம் மேடம். அப்ப பையனுக்கு மூணு வயசு. ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். மச்சான் பெரிய ஆளு, எப்படியாவது தப்பிச்சுக்குவாருன்னு நெனச்சேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அந்தக் கணத்தில்தான் நான் கொடுத்த சாக்பீஸ் நினைவுக்கு வந்தது.

"அது அந்தப் பொண்ணு இல்லைங்க. உங்க மச்சான். செவ்வாயும் வெள்ளியும் இங்க நடக்க வர்றாரு. மறதியான்னு பாத்துக்கணும்னு எங்கிட்ட சாக்பீஸ் வாங்கிட்டுப் போனாரு."

அவருக்குப் புரிய நேரம் பிடிக்கவில்லை. குறியைப் போட்டுவிட்டுப் போவது, அடுத்த தரம் வரும்போது இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் புத்தி சரியாக இருக்கிறது. இல்லையென்றால் போட்டதாக நினைத்தது எல்லாமே மனப்பிரமை, அன்றைக்கு ஊஞ்சலில் போட்டது உட்பட. அந்த மனிதர் இரண்டு மாதமாகத் தன்னைத் தானே சோதித்துக்கொண்டிருக்கிறார். இவர் இரண்டு மாதமாக அழித்துக்கொண்டிருக்கிறார்.

பச்சைக்கையார் துணியைக் கீழே போட்டுவிட்டு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். மேஸ்திரி கூட்டத்தை விட்டுப் பின்தங்கி, பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். இவர் உட்காரவில்லை.

"மச்சான், நீங்க குறி போட்டீங்க. ஊஞ்சல்ல போட்டீங்க. நாந்தான் அழிச்சேன். அழிச்சுட்டுப் பெயிண்ட் அடிச்சேன். விசாரணையில பொய் சொல்லிட்டேன்."

மேஸ்திரி அவரையே பார்த்தார். அந்த முகத்தில் கோபம் வந்துவிடாதா என்று நான் வேண்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. கண்தான் கலங்கியது.

"உக்காரு மாப்ளே. யார் சொன்னா உங்கிட்ட, நான் படற பாட்டை? எம்பொண்ணா?"

"யாரும் சொல்லல. நிஜத்தைச் சொல்றேன் மச்சான்."

"நானும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன், போட்டேன்னு. போட்ட மாதிரியே கண்ணுல நிக்கும். ஆனா இப்பவும் போடறேன், வந்து பாத்தா இருக்க மாட்டேங்குது. ஒரு தரம் ரெண்டு தரம் இல்ல."

"அதையும் நாந்தான் அழிச்சேன்."

மேஸ்திரி சிரித்துவிட்டார். இரக்கமான சிரிப்பு.

"அதையுமா? எத்தனையைத்தான் உன் தலையில அள்ளிப் போட்டுக்குவே?"

"ஐயா, அவர் சொல்றது நிஜம்" என்றேன் நான். "இப்பகூட அழிச்சாரு. நானே பாத்தேன்."

மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். முதல்முறையாக அந்தப் பழைய சரிபார்க்கும் பார்வை அவர் கண்ணில் வந்தது.

"குறியைப் பாத்தீங்களாம்மா? கண்ணால?"

நான் பார்த்தது ஈரத் துணியை, பளபளத்த இரும்பை. குறியைப் பார்க்கவில்லை. "ஆமா, பாத்தேன்" என்று சொல்லியிருக்கலாம். கவுன்டரில் ஒரு நாளைக்குப் பத்துப் பொய் சொல்கிறவள்தான். வகுப்பு நிரம்பிவிட்டது என்பேன், அதிகாரி இல்லை என்பேன். அந்த ஒரு பொய்க்கு மட்டும் என் நாக்கு ஒரு நொடி தாமதித்தது. அவருக்கு அந்த நொடி போதுமாக இருந்தது.

"தேய்க்கறதைப் பாத்தேன்..." என்றேன்.

"போதும்மா" என்றார். பச்சைக்கையாரின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். "போடவே இல்லைன்னு இனிமே மனசார ஒத்துக்கறேன். இத்தனை வருஷம் அந்தப் பாவத்தை வெல்டர் மேல தள்ளிட்டேன். தங்கச்சி அன்னைக்கே சொன்னா, நான் கேக்கல. ஆனா நீ வந்தே பாரு மாப்ளே. எம்பிள்ளையா இருந்தாக்கூட வந்திருக்குமா?"

அதற்குப் பிறகு அவர் நடைப்பயிற்சிக்கு வரவில்லை. ஒரு குறி போட்டு, அழிக்காமல் விட்டு, கூட்டி வந்து காட்டலாம் என்று நான் யோசனை சொன்னேன். பச்சைக்கையார் வீடு தேடிப் போய்க் கூப்பிட்டும் பார்த்தார். "தெரிய வேண்டியது தெரிஞ்சு போச்சு, இனிமே என்னை சோதிக்காதே" என்று கும்பிட்டுவிட்டாராம். நடந்ததையெல்லாம் ஒப்புக்கொண்டு பச்சைக்கையார் நகராட்சிக்குக் கைப்பட ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். பொறியாளர் படித்துவிட்டு, "சொந்தக்காரருக்காக இப்படியெல்லாம் எழுதித் தராதீங்க, முடிஞ்சுபோன கோப்பு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

போன வாரம் பச்சைக்கையாரின் மனைவி கவுன்டருக்கு வந்தார், பேத்தியை ஓவிய வகுப்பில் சேர்க்க. பேத்தி என்றால் மேஸ்திரியின் மகள் வயிற்றுப் பேத்தி. அண்ணனும் தங்கையும் இப்போது ராசியாகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணன் இவர்கள் வீட்டில்தான் சாப்பாடாம். பச்சைக்கையார் அவருக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவாராம், ஆனால் ஒரு பிடிக்கு மேல் இறங்குவதில்லையாம்.

"அந்தக் கடுதாசியை இவர் சட்டைப்பையில பாத்தேன் மேடம்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்கண்ணன் பழியைத் தன் மேல எழுதிக் குடுத்திருக்காரு. இப்படி ஒரு மனுஷனுக்கு வாக்கப்பட நான் குடுத்து வெச்சிருக்கணும்."

படிவத்தை நீட்டினேன். ஜன்னலுக்கு வெளியே மனைவிக்காகக் காத்து நின்ற பச்சைக்கையார் என்னைப் பார்த்தார். சொல்லுங்கள், நீங்களாவது சொல்லுங்கள் என்று கெஞ்சுகிற பார்வை. நான் சொன்னேன், மேஜையில் கை வைத்துச் சத்தியம் செய்தே சொன்னேன். அந்த அம்மா என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, "நீங்களும் அவர் மாதிரியே நல்லவங்க மேடம்" என்று சொல்லி, பேத்தியின் வயதை நிரப்பத் தொடங்கினார். ஏழு.