நூறுக்கு எத்தினை?

குருநகர் சிமியோன் மாஸ்டரிடம் "மழை வருமோ?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாக வீடு போனவர் எவருமில்லை. "நூறுக்கு எத்தினை எண்டு நினைக்கிறீர்?" என்று திருப்பிக் கேட்பார். கடைசியில் அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

கணிதம் படிப்பித்த மனிதருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில் பிடித்த பைத்தியம் அது. அரைகுறைத் தகவலை வைத்துக்கொண்டு கம்பியூட்டர் எப்படி முடிவெடுக்கலாம் என்று புரோகிராம் எழுதுவார். ஊரில் கம்பியூட்டர் ஏது? கொழும்பு நண்பனுக்குத் தபாலில் போகும். அவன் ஓட்டிப் பார்த்து விடை அனுப்புவான். காற்று மாறும் என்று ஒரு கடலோடி சொன்னால் நூறுக்கு எழுபது. இன்னொருவரும் சொன்னால் தொண்ணூற்றொன்று. மூன்றாமவரும் சொன்னால் தொண்ணூற்றேழு.

இப்பேர்ப்பட்டவருக்குத் தையல் படிப்பிக்கும் அற்புதராணியில் மனம் போய்விட்டது. நேரே கேட்க நா எழவில்லை. மீன் விற்கும் ஸ்ரெல்லா சின்னம்மாவிடம், "அந்தப் பிள்ளைக்கு எங்கையேன் கலியாணம் பேசி முடிஞ்சுதோ?" என்று பட்டும் படாமலும் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் பக்கத்து வீட்டு லூர்த்தம்மா, "முடிஞ்சுதாம்" என்றாள். வள்ளக்காரர் பிலிப்புவும் அதையே சொன்னார். பிறகு சின்னம்மாவே வந்து, "ஓம் தம்பி, முடிஞ்சுது" என்றாள். மாஸ்டர் கணக்குப் போட்டார். தொண்ணூற்றேழு. பாவம், அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அற்புதராணியே அவரை மறித்தாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்குப் பேசி முடிஞ்சுதெண்டு ஊரெல்லாம் கதை, மாஸ்டர். வாற சம்பந்தமெல்லாம் திரும்பிப் போகுது. ஆர் கிளப்பினதோ!"

அப்படியானால் அந்தத் தொண்ணூற்றேழு? மாஸ்டர் விசாரிக்கப் புறப்பட்டார். பிலிப்புவுக்குச் சொன்னது லூர்த்தம்மா. லூர்த்தம்மாவுக்குச் சொன்னது ஸ்ரெல்லா.

"நீதானே தம்பி முதல் கேட்டனீ!" என்றாள் சின்னம்மா. "நெருப்பில்லாமல் புகையுமோ எண்டு லூர்த்தம்மாட்டைச் சொன்னன். பிறகு பிலிப்புவும் சொன்னான். அப்ப உண்மைதானே?"

மாஸ்டருக்கு உடம்பு கூசிப்போயிற்று. மூன்று பேரும் சொன்னது அவர் ஒருவர் கேட்ட கேள்வியைத்தான். எண் போடுமுன் "ஆர் சொன்னது?" என்று கேட்கும்படி அன்றே புரோகிராமைத் திருத்தினார். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு அற்புதராணி வீட்டு வாசற் படலையில் போய் நின்றார்.

"உந்தக் கதை என்னாலை வந்தது. நான்தான் சின்னம்மாட்டைக் கேட்டனான்."

"ஏன் கேட்டனீங்கள்?"

மாஸ்டர் நிலத்தைப் பார்த்தார். காது சிவந்துவிட்டது. அற்புதராணி கொஞ்ச நேரம் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு படலையைத் திறந்தாள்.

"பேசி முடிஞ்சுதெண்டு ஊருக்கே தெரியும்," என்றாள். "மாப்பிள்ளைதான் இன்னும் உள்ளுக்கு வரேல்லை."